ஆளைக் கண்டாலே படபடப்பு: கவுண்டர் வேலைக்குப் போகலாமா?

கேட்டவர் இருபதுகளின் நடுவில் இருப்பவர். இதுவரை பார்த்தது ஆள் முகம் பார்க்கத் தேவையில்லாத தரவுப் பதிவு வேலை. புதியவர்களிடம் பேச வேண்டும் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, முகம் சூடாகிறது, குரல் நடுங்குகிறது. இப்போது சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் (அரசு பாலிகிளினிக்) ஒன்றில் பதிவு முகப்பில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வாரத்தில் சேர வேண்டும். அப்பா "தண்ணியில தள்ளிவிட்டா தானா நீச்சல் வந்துடும்" என்கிறார். அம்மா "அது உனக்கு ஒத்துவராது" என்கிறார். சேரலாமா, சேர்ந்தால் பயம் போகுமா என்பது கேள்வி.

சேரலாம். ஆனால் அப்பா சொல்வது பாதிதான் உண்மை. பத்து வருடம் கவுண்டரில் உட்கார்ந்தும் பயம் அப்படியே இருப்பவர்கள் உண்டு. தினமும் நூறு பேரிடம் பேசுவார்கள், வேலையும் சுத்தமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு நாளும் "இன்றைக்குத் தப்பித்தோம்" என்று வீடு திரும்புவார்கள். அவர்களுக்கும், அதே வேலையில் சில மாதங்களில் தெளிவடைபவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் துணிச்சல் அல்ல. கவுண்டரில் உட்கார்ந்துகொண்டே ஒளிந்துகொள்ள ஏகப்பட்ட வழிகள் இருக்கின்றன. அந்த வழிகளை ஒவ்வொன்றாக விட்டவருக்குப் பயம் குறைகிறது, விடாதவருக்குக் குறைவதில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை 1995-ல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் தெளிவாக எழுதினார்கள். இன்றும் சிகிச்சைக்கு அடிப்படையாக இருப்பது அந்த விளக்கம்தான். ஆளைப் பார்த்ததும் கவனம் எதிரில் இருப்பவரை விட்டு நமக்குள் திரும்பிவிடுகிறது. முகம் சுடுகிறதா, கை ஆடுகிறதா, இப்போது நான் எப்படித் தெரிகிறேன் என்று உள்ளே ஒரு படம் ஓடுகிறது. அந்தப் படம் கண்ணால் பார்த்து எடுத்ததல்ல, உடம்பின் உணர்வை வைத்து மனம் வரைந்தது. அதனால் நிஜத்தைவிட எப்போதும் மோசமாக இருக்கும். அந்தப் படத்துக்குப் பயந்து சில பாதுகாப்புச் செயல்கள் செய்கிறோம்: வேகமாகப் பேசி முடிப்பது, தலை குனிவது, கையை மறைப்பது. ஒன்றும் தவறாக நடக்காதபோது மனம் என்ன முடிவுக்கு வருகிறது? "கையை மறைத்ததால்தான் பிழைத்தேன்." பயம் பொய் என்று கண்டுகொள்ளும் வாய்ப்பு அங்கேயே பறிபோகிறது. இரவு வீட்டில் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது கடைசிக் கண்ணி.

உள்ளே தெரிவது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குச் சங்கடமான படம் போட்ட டீ-ஷர்ட்டை மாட்டி மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர். மருந்தகத்துக்கு வருபவர் தன் மூட்டுவலியையும் மருந்துச் செலவையும் நினைத்துக்கொண்டு வருகிறார். உங்கள் காது சிவந்ததா என்று பார்க்க அவருக்கு மனமும் இல்லை, நேரமும் இல்லை.

முதலில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கூச்சமா, சிகிச்சை தேவைப்படும் சமூகப் பதற்றமா என்று ஓரளவு பிரித்தறிய மருத்துவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்பார்கள்: அவமானப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் ஆட்களிடம் பேசுவதையே தவிர்க்கிறீர்களா; எல்லாரும் நம்மைப் பார்க்கும் இடத்துக்குப் போகாமல் இருக்கிறீர்களா; முட்டாளாகத் தெரிவது உங்கள் மிகப் பெரிய பயங்களில் ஒன்றா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டினால் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுப் பரிசோதனைக்குப் போவது நல்லது. இது நோய்க்கணிப்பு அல்ல, அடுத்த படி எடுக்கலாமா என்று காட்டும் அடையாளம். பயம் 6 மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ கெடுக்கிறது என்றால் வேலையை மட்டும் மருந்தாக நம்பாதீர்கள். வேலையும் சிகிச்சையும் கூடவே நடக்கட்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று உதவும்.

இனி அந்தக் கவுண்டர். பதிவு முகப்பில் ஒரு நோயாளியோடு உங்கள் வேலை ஒன்றிரண்டு நிமிடம். வரிசை எண்ணை அழுத்துகிறீர்கள், எண் திரையில் விழுகிறது, ஆள் எழுந்து வருகிறார். வணக்கம் அல்லது காலை வணக்கம். அடையாள அட்டையை (ஐசி) வாங்குகிறீர்கள். அட்டை கையில் இருந்தாலும் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் சொல்லக் கேட்கிறீர்கள். ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு அடையாளங்களை ஒப்பிடுவது சுகாதாரத் துறையின் அடிப்படை விதி. முன்பதிவு இருக்கிறதா, தொலைபேசி எண் மாறியதா, மருத்துவரைப் பார்க்கவா ரத்தப் பரிசோதனைக்கா என்று கேட்டு, சீட்டைக் கொடுத்து, எங்கே உட்கார வேண்டும் என்று கை காட்டுகிறீர்கள். அடுத்த எண்.

ஒருவருக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் மணிக்கு 30 பேர். இடைவேளை, சாப்பாடு எல்லாம் போக ஒரு நாளில் நூறு பேருக்குக் குறையாது. வாரம் ஒரு முறை ஆலோசகரைப் பார்ப்பவருக்கு இத்தனை பயிற்சி வாய்ப்பு ஒருபோதும் கிடைக்காது. அதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் தெளிவாக இருக்கிறது. என்ன பேசுவது என்று தேட வேண்டியதில்லை. பேச உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்ற சந்தேகமும் இல்லை, ஏனென்றால் அவர்தான் உங்களைத் தேடி வருகிறார். சமூகப் பதற்றம் உள்ளவர்களில் பலர் முதல் மாதத்திலேயே "கவுண்டரில் நான் பரவாயில்லை" என்று ஆச்சரியப்படுவதற்கு இதுதான் காரணம்.

அந்த ஆச்சரியத்தில் ஏமாந்துவிடக் கூடாது. கவுண்டர் எளிது, ஓய்வறைதான் கடினம். காலை 8 மணிக்கு முன் நடக்கும் சிறு கூட்டத்தில் "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா" என்று மேற்பார்வையாளர் கேட்கும் தருணம், மதியம் ஐந்து பேர் சேர்ந்து உணவங்காடிக்குக் கிளம்பும்போது "நீயும் வர்றியா" என்று கேட்கும் தருணம், மின்தூக்கியில் டாக்டரோடு தனியாக நிற்கும் முப்பது விநாடி. இவற்றுக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. பயம் ஒளிந்திருப்பது இங்கேதான். கவுண்டரில் நூறு பேரைச் சமாளித்துவிட்டு, மதியச் சாப்பாட்டைப் படிக்கட்டு ஓரம் கைப்பேசியோடு தனியாகச் சாப்பிடுபவருக்குப் பயம் பாதிதான் குறையும். வாரத்துக்கு இரண்டு நாளாவது சாப்பாட்டுக்குச் சேர்ந்து போங்கள். பேச வேண்டிய கட்டாயம் இல்லை, முழு நேரமும் இருக்க வேண்டியதுதான் நிபந்தனை. பாதியில் "வேலை இருக்கு" என்று எழுந்து வந்தால் அது கணக்கில் சேராது.

ஒளியும் வழிகள் என்றேன். கவுண்டரில் அடிக்கடி பார்ப்பவற்றைச் சொல்கிறேன். நோயாளியைப் பார்க்காமல் கணினித் திரையையே பார்ப்பது. அடுத்து வருபவருக்கான வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது. நடுக்கம் தெரியாமலிருக்கப் பேனாவை இறுக்கிப் பிடிப்பது, சீட்டை நீட்டாமல் மேசையில் வைத்துத் தள்ளுவது. தேவையில்லாத இடத்தில் எல்லாம் "சாரி" சொல்வது. கோபக்காரர் மாதிரி தெரிகிறவரின் எண் வரும்போது கழிவறைக்குப் போவது. "நான் கோப்பு ஸ்கேன் பண்றேன், நீங்க முன்னால உட்காருங்க" என்று பின்வேலையை வலியப் போய் வாங்குவது. இந்தக் கடைசி ஒன்றுதான் மிக ஆபத்து. உழைப்பாளி என்று பெயர் கிடைக்கும், ஆறு மாதத்தில் முகப்புக்கு வெளியே நிரந்தரமாகிவிடுவீர்கள், யாருக்கும் சந்தேகம் வராது.

முகக்கவசம் தனியாகச் சொல்ல வேண்டியது. மருந்தகத்தில் விதி இருக்கும் இடத்தில் கட்டாயம் போடுங்கள், அதில் விவாதமே இல்லை. ஆனால் முகம் சிவப்பதற்குப் பயப்படுபவருக்கு அது ஒரு சுவர் மாதிரி ஆகிவிடும். விதி கேட்காத இடத்தில், அதாவது சாப்பிடும்போது, பேருந்து நிறுத்தத்தில், வேலை முடிந்து வெளியே வரும்போது கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் "முகம் தெரிந்தால் என்ன ஆகும்" என்ற கேள்விக்கு உங்களுக்குப் பதிலே கிடைக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட முயலாதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும். முதல் வாரம் திரையிலிருந்து கண்ணை எடுப்பது மட்டும். அதைச் செய்யும் முறை இது: வணக்கம் சொல்லும்போது எதிரில் இருப்பவரிடம் ஏதாவது ஒரு விவரத்தைத் தேடுங்கள். காதில் கேட்கும் கருவி இருக்கிறதா, கைத்தடி எந்தக் கையில், கூட வந்திருப்பவர் மகளா பணிப்பெண்ணா. கவனம் உள்ளேயிருந்து வெளியே திரும்ப அந்த ஒரு விவரம் போதும். வேலைக்கும் அது பயன்படும். கேட்கும் கருவி இருந்தால் நீங்கள் சற்று நிறுத்தி, முகம் பார்த்துப் பேசுவீர்கள். வெளியே கவனிக்கிற மனம் ஒரே நேரத்தில் தன் முகச் சூட்டையும் அளந்துகொண்டிருக்க முடியாது.

இரண்டாம் வாரத்திலிருந்து சோதனை. வெறுமனே "பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது போதாது. முன்னமே எழுதிவைத்த எதிர்பார்ப்பு பொய்க்க வேண்டும், அப்போதுதான் மனம் புதிதாகக் கற்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மிஷல் கிராஸ்க் போன்றோர் வலியுறுத்துவது இதைத்தான்: படபடப்பு அடங்கும்வரை காத்திருப்பது முக்கியமில்லை, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். ஆகவே சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. வேலைக்கு முன் ஒரு வரி: "சீட்டைக் கையில் நீட்டினால் என் கை ஆடும், நோயாளி அதைப் பற்றி ஏதாவது சொல்வார். நம்பிக்கை: 70 விழுக்காடு." அன்றைக்கு முதல் 10 பேருக்குச் சீட்டைக் கையிலேயே கொடுங்கள், பேனா இல்லாமல், மேசையில் முழங்கை ஊன்றாமல். முடிந்ததும் இன்னொரு வரி: கை ஆடியதா, எத்தனை பேர் ஏதாவது சொன்னார்கள். மூன்றாவது வரி, இப்போது நம்பிக்கை எவ்வளவு. அவ்வளவுதான். அந்த நோட்டில் நோயாளியின் பெயர், அடையாள எண், நோய் எதுவும் எழுதவே கூடாது. அது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கும் விஷயம்.

சோதனைக்கு வேறு சில: கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் மூன்று விநாடி நிறுத்திப் பேசுவது. பதில் தெரியாதபோது முணுமுணுக்காமல் "ஒரு நிமிஷம் இருங்க, கேட்டுட்டு சொல்றேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுச் சக ஊழியரிடம் கேட்பது. ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்துவிட்டால் வேகமாகக் கடக்காமல் நின்று திருத்திச் சொல்வது. ஒரு எல்லை உண்டு: அடையாளம் சரிபார்ப்பது, ஒவ்வாமை விவரம், பணம் இந்த மூன்றிலும் எந்தச் சோதனையும் கூடாது. அங்கே பதற்றத்தோடு இருந்தாலும் பரவாயில்லை, விதிப்படி மெதுவாகச் செய்யுங்கள். வேகமாக முடித்தால் பயம் தெரியாது என்று நினைத்து, பிறந்த தேதியைக் கேட்காமல் விடுவதுதான் பதற்றக்காரர்கள் செய்யும் மிக மோசமான தவறு. ஒரே பெயரில் இரண்டு பேர் காத்திருக்கும் காலை நேரத்தில் அது யாரோ ஒருவரை வேறொருவரின் அறைக்கு அனுப்பிவிடும்.

தமிழ் பேசுவது பற்றிச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் வளர்ந்த பலருக்கு ஆங்கிலக் கவுண்டரைவிடத் தமிழ்க் கவுண்டர்தான் பயம். வயதான ஐயா ஒருவர் வந்து உட்கார்ந்து வேகமாகத் தமிழில் பேசுகிறார், பக்கத்தில் சக ஊழியர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பின்வரிசையில் இன்னும் நான்கு தமிழர்கள். "என் தமிழைக் கேட்டுச் சிரிப்பாங்க" என்ற எண்ணத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும், தமிழ் நோயாளி வந்தால் பக்கத்துக் கவுண்டருக்குத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. இதற்கு மருந்து செந்தமிழ் படிப்பதல்ல. வேலைக்கு வேண்டியது இருபது வாக்கியம், அதுவும் பேச்சுத் தமிழில். "அப்பாயின்ட்மென்ட் இருக்குங்களா ஐயா?" "ஐசி கொஞ்சம் குடுங்கம்மா." "காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா, வெறும் வயித்துலதான் ரத்தம் எடுக்கணும்." "உங்க நம்பர் அந்தத் திரையில வரும், வந்ததும் ஆறாம் ரூமுக்குப் போங்க." "மருந்து அந்தப் பக்கம் வாங்கணும், பணம் அங்கேயே கட்டலாம்." மருந்தகத்தின் ஏற்பாட்டுக்குத் தக்கபடி எழுதி, வீட்டில் பாட்டியிடமோ அம்மாவிடமோ உரக்கச் சொல்லிப் பாருங்கள். சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் என்றுதான் அவர்களும் சொல்வார்கள். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஒத்திகை கூடாது என்று மேலே சொல்லிவிட்டு இங்கே ஒத்திகை பார்க்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். தொழிலுக்கான நிலையான வாக்கியங்களை வீட்டில் ஒரு முறை கற்றுக்கொள்வது தொழிற்பயிற்சி. அதே வாக்கியத்தை ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது பாதுகாப்புச் செயல். முதலாவது சுமையைக் குறைக்கும், இரண்டாவது எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதில் விழவிடாது.

கூப்பிடும் முறையும் பாதிப் பதற்றத்தைத் தீர்க்கும். தமிழ்ப் பெரியவர்களுக்கு ஐயா, அம்மா. சீனர்களுக்கு அங்கிள், ஆண்டி. மலாய்ப் பெரியவர்களுக்குப் பச்சிக், மச்சிக். கட்டுமானத் தளத்திலிருந்து வரும் தமிழ்நாட்டு ஊழியர்களுக்கு அண்ணே, உங்களைவிடச் சின்னவராகத் தெரிந்தால் தம்பி. அவர்களில் பலருக்கும் உங்களைப் போலவே கவுண்டர் பயம் இருக்கும். முதலாளி கொடுத்த கடிதத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எந்தக் கவுண்டர் என்று கேட்கக்கூடத் தயங்கி நிற்பார்கள். அவர்களை நீங்களாக முதலில் கூப்பிட்டுப் பேசுவது, உங்கள் கவனத்தை வெளியே திருப்பும் மிகச் சிறந்த பயிற்சி.

சண்டை வரும் என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். அது உங்கள் பேச்சால் வருவதல்ல என்பதைப் புரிந்துகொள்ளக் காரணங்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மிக அதிகமாக வருவது: "எனக்குப் பின்னால வந்தவரை முன்னால கூப்பிட்டீங்களே?" வெவ்வேறு அறைக்கும் சேவைக்கும் தனித்தனி வரிசை ஓடுகிறது, முன்பதிவு செய்தவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, உடல்நிலை மோசமாக இருப்பவரை முன்னால் அனுப்புவார்கள். இது பொதுமக்களுக்குத் திரையில் தெரியாது. அடுத்தது கட்டணம்: குடிமக்களுக்கு ஒரு விகிதம், நிரந்தரவாசிகளுக்கு வேறு, மூத்த குடிமக்களுக்கான முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை சலுகை அட்டை இருந்தால் இன்னும் வேறு. மூன்றாவது மருத்துவ விடுப்பு: "நேத்துக்கும் சேர்த்துப் போட்டுக் குடுங்க." அது மருத்துவர் முடிவு, கவுண்டரில் மாற்ற முடியாது. திங்கட்கிழமை காலையும் பொது விடுமுறைக்கு மறுநாளும் இவை எல்லாமே கூடும். முடிந்தால் சேரும் முதல் நாளைத் திங்களாக இல்லாமல் வாரத்தின் நடுவில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

சத்தம் போடுபவரிடம் வரிசை இது. முதலில் பேசி முடிக்க விடுங்கள், பெரும்பாலும் முப்பது நாற்பது விநாடியில் மூச்சு வாங்க நிறுத்துவார். குறுக்கே விளக்கம் சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பிறகு அவர் சொன்னதை ஒரே வரியில் திருப்பிச் சொல்லுங்கள்: "ஒரு மணி நேரமா காத்திருக்கீங்க, உங்களுக்குப் பின்னால வந்தவர் உள்ள போயிட்டார், அதானே ஐயா?" அதற்குப் பிறகு காரணம் ஒரு வரி, நீங்கள் செய்யப்போவது ஒரு வரி: "எத்தனை பேர் முன்னால இருக்காங்கன்னு பாத்துச் சொல்றேன்." சொன்னதை உடனே செய்யுங்கள். குரல் நடுங்கினாலும் வார்த்தை சரியாக இருந்தால் போதும். கெட்ட வார்த்தை, மிரட்டல், கை ஓங்குவது வந்தால் பொறுத்துக்கொள்வது உங்கள் பயிற்சியின் பகுதியே அல்ல. "ஐயா, இப்படிப் பேசினா நான் தொடர முடியாது, மேற்பார்வையாளரைக் கூப்பிடுறேன்" என்று ஒரு முறை சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். 2014-ல் நிறைவேறிய தொந்தரவுகளிலிருந்து பாதுகாக்கும் சட்டம் பொதுச் சேவை ஊழியர்களுக்கெனத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. பயத்தை எதிர்கொள்வதும் அவமதிப்பைச் சகித்துக்கொள்வதும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் நல்ல மனசுக்காரர்கள்தான் இந்த வேலையில் உடைந்துபோகிறார்கள்.

வீட்டுக்குப் போனபின் நடக்கும் மறு ஓட்டம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பயத்தை உயிரோடு வைத்திருப்பதில் அதற்குப் பெரும் பங்கு. நூறு பேரில் 99 பேர் மறந்துபோவார்கள், முகம் சுளித்த அந்த ஒருவர் மட்டும் இரவு முழுக்க நிற்பார். வேலை முடிந்ததும், விரைவு ரயில் ஏறுவதற்கு முன்னால், ஐந்து நிமிடத்தில் நோட்டை எழுதி மூடிவிடுங்கள். அதில் நடந்தது மட்டும் இருக்கட்டும்: யார் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன். "அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்" என்ற வாக்கியம் நோட்டில் வந்தால் அடித்துவிடுங்கள், அது யாருக்கும் தெரியாத விஷயம். இரவு மறுபடி ஓட ஆரம்பித்தால் "நோட்டில் எழுதியாகிவிட்டது" என்று எழுந்து வேறு வேலைக்குப் போங்கள். படுத்துக்கொண்டே வாதாடாதீர்கள்.

உடம்பு சம்பந்தமாகச் சில. காப்பி ஓ கோசோங்கில் பாலும் சர்க்கரையும்தான் இல்லை, காஃபீன் முழுசாக இருக்கிறது. வெறும் வயிற்றில் குடித்துவிட்டு வந்தால் வரும் படபடப்பைப் பயம் என்று தப்பாக எண்ணிக்கொள்வீர்கள். முதல் சில வாரம் காலையில் ஒன்றோடு நிறுத்துங்கள், சாப்பிட்டபின். மூச்சுப் பயிற்சி செய்வதானால் வேலைக்கு முன் செய்யுங்கள்: 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுவது, மூன்று நான்கு நிமிடம். ஆழமாக வேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் மரமரக்கும், அது பயத்தை இன்னும் கூட்டும். நோயாளி முன்னால் உட்கார்ந்து மூச்சை எண்ணாதீர்கள், அதுவும் கவனத்தை உள்ளே திருப்புவதுதான். தைரியத்துக்கு மது எடுப்பது வேண்டவே வேண்டாம். நண்பர் கொடுத்தார் என்று புரொப்ரனலால் மாத்திரை போடுவதும் வேண்டாம். மேடைப் பேச்சு போன்ற ஒற்றைத் தருணத்துக்குச் சிலருக்கு அதைக் கொடுப்பதுண்டு, ஆனால் நாள் முழுக்க ஆட்களோடு இருக்கும் பதற்றத்துக்கு அது சிகிச்சை அல்ல, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.

சேரும் முன் இருக்கும் இரண்டு வாரத்தைச் சும்மா விடாதீர்கள். தினமும் இரண்டு மூன்று சின்ன வேலை: தேக்கா நிலையத்தில் காய்கறிக் கடைக்காரரிடம் தமிழில் விலை கேட்டு, வாங்காமல் நன்றி சொல்லி நகர்வது, ரயில் நிலையப் பயணிகள் சேவை முகப்பில் ஏதாவது வழி கேட்பது, ஏதாவது ஒரு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்துத் திறந்திருக்கும் நேரம் கேட்பது. தொலைபேசியை விட்டுவிடாதீர்கள். பலருக்கு முகம் பார்த்துப் பேசுவதைவிட அதுதான் கடினம், மருந்தகத்தில் நாள் முழுக்க அது அடிக்கும். கடையும் ஆளும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கட்டும். ஒரே கடைக்காரரிடம் பழகினால் அவரிடம் மட்டும்தான் பயம் போகும்.

மேலதிகாரியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டுமா? கட்டாயம் இல்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத மனநல விவரத்தை விண்ணப்பத்தில் கேட்கக் கூடாது என்பது அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த இங்குள்ள முத்தரப்பு வழிகாட்டி. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டமும் மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சொல்லாமலே வேண்டியதைக் கேட்டு வாங்கலாம்: முதல் வாரம் அனுபவமுள்ள அக்கா ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும், அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில் எழுத்தில் வேண்டும், தவறு நடந்தால் நோயாளிகள் முன்னால் அல்லாமல் தனியாகச் சொல்லுங்கள். எந்த நல்ல மேற்பார்வையாளரும் இதை ஆர்வமுள்ள புதியவரின் கோரிக்கையாகத்தான் பார்ப்பார்.

எப்போது குறையும் என்றால், பெரும்பாலும் கவுண்டரில் இருக்கும்போதுள்ள படபடப்பு முதலில் குறையும். முந்தின இரவின் கலக்கம் அதற்குப் பிறகு. மறு ஓட்டமும் ஓய்வறைப் பயமும் கடைசி. நேர்க்கோடாக இறங்காது. தீபாவளி விடுப்போ தேசிய சேவை அழைப்போ முடிந்து திரும்பும் முதல் இரண்டு நாள் பழைய படபடப்பு வரும். அதைப் பார்த்து "எல்லாம் போச்சு" என்று முடிவுகட்டாதீர்கள், விட்ட இடத்திலிருந்து நோட்டைத் தொடருங்கள்.

வேலை மட்டும் போதாத நேரமும் உண்டு. ஒரு மாதம் ஆகியும் காலையில் வாந்தி, வாரம்தோறும் மருத்துவ விடுப்பு, தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் சோதனைகளைக் கூட்டாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். பலதுறை மருந்தகத்திலேயே தொடங்கலாம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் நிபுணரிடம் மானியக் கட்டணம் கிடைக்கும். வேலை பார்க்கும் இடத்தில் காட்டச் சங்கடமாக இருந்தால் வேறு வட்டாரத்து மருந்தகத்துக்குப் போங்கள். 16 முதல் 30 வயதுக்குள் என்றால் மனநலக் கழகத்தின் இளையர் சேவையான சாட் இருக்கிறது, பரிந்துரை தேவையில்லை. நன்றாகச் செய்யப்படும் தனிநபர் பேச்சுச் சிகிச்சை பிரிட்டிஷ் வழிகாட்டியின்படி ஏறக்குறைய 14 அமர்வு, நான்கு மாதம். உங்கள் கவுண்டர் நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள், முதல் இரண்டு அமர்வில் கேட்கும் பாதிக் கேள்விக்குப் பதில் அதில் இருக்கும். மருத்துவர் செர்ட்ரலின், எஸ்சிட்டாலொப்ராம் போன்ற மாத்திரை கொடுத்தால் பலன் தெரியப் பல வாரம் பிடிக்கும், முதல் வாரம் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த வேலைநாள் வரை காத்திருக்காதீர்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, மனநலக் கழகத்தின் 6389 2222, தேசிய மனநல உதவி எண் 1771. எல்லாம் 24 மணி நேரமும் எடுப்பார்கள். தொலைபேசியில் பேசவே வாய் வரவில்லை என்றால் 1771 சேவைக்கு 6669 1771 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் எழுதலாம் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.